வானில் பறந்த வீரரும் வழுக்கி விழுந்த இடங்களும்

விடுமுறை நாள்களில் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், பிள்ளைகளுக்கு உணவும் மறந்துவிடுகின்றது; உறக்கமும் மறந்துவிடுகின்றது. தாய்மார்கள் இதனைக் குறையாகக் கூறுவதுண்டு. ஆனால், அதே புத்தகத்தைப் பெரியவர்கள் ஒருமுறை ஊன்றிப் படிப்பார்களேயானால், பிள்ளைகளைவிட அவர்களே அதிகமாகச் சிரிப்பார்கள் என்பதில் ஐயமில்லை. உலகப் புகழ் பெற்ற சூப்பர்மேன் கதையையே எடுத்துக்கொள்வோமே!

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளியில் பயின்ற நண்பர்கள் இருவர். ஜெர்ரி சீகல் கதை எழுதினார். ஜோ ஷஸ்டர் படம் வரைந்தார். 1938 ஜூன் மாதம் என்று தேதியிடப்பட்ட 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் பிறந்தார். இதழின் விலை 10 சென்ட். தொலைதூரக் கோள் ஒன்று அழியும் தருவாயில், அங்கிருந்த அறிஞர் தம் கைக்குழந்தையை விண்கலத்தில் வைத்துப் பூமிக்கு அனுப்பிவிடுகின்றார். அக்குழந்தையே வளர்ந்து, கிளார்க் கென்ட் என்னும் கூச்சம் மிகுந்த நிருபராகவும், ஆபத்து வேளையில் சூப்பர்மேனாகவும் இரட்டை வாழ்க்கை நடத்துகின்றார்.

எறும்பு சொன்ன சாட்சி

இவருக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? முதல் இதழிலேயே 'அறிவியல் விளக்கம்' தரப்பட்டிருக்கின்றது. எறும்பு தன் எடையைப் போல் பன்மடங்கு சுமக்கின்றது. வெட்டுக்கிளி தன் உடலைப் போல் பன்மடங்கு தூரம் தாவுகின்றது. அதுபோலத்தான் இவரும் என்கின்றார்கள்.

பாவம், அந்த எறும்பு! உருவம் பத்து மடங்கு உயர்ந்தால், தசையின் வலிமை நூறு மடங்கும், உடலின் எடை ஆயிரம் மடங்கும் பெருகும். மனித அளவுக்கு ஓர் எறும்பு வளருமானால், சுமை தூக்குவது இருக்கட்டும், எழுந்து நிற்பதற்கே அதற்குத் துணை தேவைப்படும். உருவம் பெருக்கும்போது நேரும் இந்த இடர்ப்பாட்டை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். சரியாக 300 ஆண்டுகள் கழித்து வந்த சூப்பர்மேன் அதனைப் படித்திருக்கவில்லை போலும்!

கண்ணாடி செய்த மாயம்

அடுத்தது மூக்குக்கண்ணாடி. அதனை அணிந்தால் கிளார்க் கென்ட், கழற்றினால் சூப்பர்மேன். ஒரே அலுவலகத்தில் நாள்தோறும் உடன் பணியாற்றும் லோயிஸ் லேன், ஊரையே துப்புத் துலக்கும் நிருபர். அவருக்குமா அடையாளம் தெரியவில்லை? நம் வீட்டில் தந்தையார் கண்ணாடியைக் கழற்றி வைத்தவுடன், "யார் நீங்கள்?" என்று எந்தப் பிள்ளையாவது கேட்டதுண்டா?

வாசகர்கள் இதனைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு, 1978 டிசம்பர் இதழில் ஒரு விடை வந்தது. அந்தக் கண்ணாடியின் வில்லைகள் அவர் வந்த விண்கலத்தின் கண்ணாடியால் ஆனவையாம். அவற்றின் வழியே அவரையும் அறியாமல் வசியசக்தி வெளிப்பட்டு, காண்போர் கண்ணை மயக்குகின்றதாம்! அப்படியானால் அச்சில் வரும் புகைப்படமுமா வசியம் செய்கின்றது? ஓர் ஓட்டையை அடைக்கப் புறப்பட்டு மற்றோர் ஓட்டையைத் திறந்துவிட்டார்கள்.

கடைசி மனிதர் எத்தனை பேர்?

அழிந்துபோன கிரிப்டான் கோளில் எஞ்சியவர் இவர் ஒருவரே என்று சொல்லிச் சொல்லி வாசகரைக் கண்கலங்க வைத்தார்கள். 1955இல் அவருடைய நாய் வந்து சேர்ந்தது. 1958இல், சுருக்கப்பட்டுப் புட்டிக்குள் அடைக்கப்பட்ட ஒரு நகரமே கிடைத்தது. 1959இல் சிற்றப்பன் மகள் வந்தாள். அதே ஆண்டில் ஒரு குரங்கும் வந்தது! தனிமை என்று வருந்தியவர் வீட்டில் விருந்தினர் கூட்டம் தாங்கவில்லை.

தனிமையை நாடி அவர் வடதுருவப் பனியில் ஒரு மறைவிடம் அமைத்ததும் ஒரு வேடிக்கை. யாருக்கும் தெரியக்கூடாத அவ்விடத்தின் சாவி, விமானங்களுக்கு வழிகாட்டும் அம்புக்குறி போன்ற உருவில் வெளியிலேயே கிடக்கும். அவரைத் தவிர வேறு எவராலும் அதனைத் தூக்க இயலாதாம். ஒப்புக்கொள்வோம். ஆனால் அத்துணைப் பெரிய சாவிக்கு ஏற்ற துவாரத்தின் வழியே, மெலிந்த திருடன் ஒருவன் தவழ்ந்தே உள்ளே போய்விடலாமே!

சிரிப்புக்கு அப்பால்

எனினும் எல்லா ஓட்டைகளும் அறியாமையால் விழுந்தவை அல்ல. 1940இல் ஒரு பத்திரிகைக்காக வரைந்த இரு பக்கக் கதையில், ஹிட்லரையும் ஸ்டாலினையும் பிடித்து வந்து ஜெனீவாவில் நிறுத்திப் போரையே முடித்துவிட்டார் சூப்பர்மேன். 1942இல் அமெரிக்கா மெய்யாகவே போரில் இறங்கியிருந்தபோது, அவர் ஏன் போர்முனைக்குச் செல்லவில்லை என்ற வினா எழுமல்லவா? ஆகவே நாளிதழ்த் தொடரில், படையில் சேரச் சென்ற கிளார்க் கென்ட் கண் பரிசோதனையில் தோற்றுப்போகின்றார். சுவரை ஊடுருவும் பார்வையால், அடுத்த அறையில் தொங்கிய எழுத்துகளைத் தவறுதலாகப் படித்துவிட்டாராம்! படிக்க நகைப்புக்குரியதுதான். ஆயினும், உண்மையான வீரர்கள் மடிந்துகொண்டிருந்த வேளையில், காகித வீரரை வென்று திரும்ப வைக்காதது ஒருவகை நாகரிகமே.

இக்கதையின் மிகப் பெரிய ஓட்டையோ புத்தகத்திற்கு வெளியே இருக்கின்றது. அனைவரையும் காக்கும் வீரரைப் படைத்த அவ்விருவரும், அவருடைய உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பின்னர் 1947இல் வழக்குத் தொடுத்தார்கள். அதன் பிறகு அவர்களுடைய பெயர்களே கதையிலிருந்து நீக்கப்பட்டன. ஷஸ்டரின் கண்பார்வை மங்கியது; சீகல் எழுத்தர் வேலைக்குச் சென்றார். 1975இல் பொதுமக்கள் முன்னிலையில் முறையிட்ட பின்னரே, ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், இழந்த பெயரும் அவர்களுக்குக் கிடைத்தன. ஷஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் மறைந்தனர். 10 சென்ட் விலையுள்ள அம்முதல் இதழின் ஒரு பிரதி, 2024இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று!

அன்பு வாசகர்களே! பிள்ளைகள் சித்திரக்கதை படிக்கட்டும். அருகில் அமர்ந்து நாமும் படிப்போம். "இது எப்படி?" என்று அவர்கள் கேட்டால், வாயை அடைக்காமல் சேர்ந்து சிரிப்போம். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளையை எளிதில் எவரும் ஏமாற்றிவிட இயலாது. கூடவே, முதல் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பெயர்களையும் படிக்கச் சொல்வோம். பறக்கும் வீரரை உலகம் மறக்காது. அவரைப் பறக்கவிட்ட கைகளை மறந்துவிடாமல் இருப்பது நம் பொறுப்பு.