ஓடையோரம் நிற்பது புலிக்குட்டியா?

எங்கள் இரத்தினபுரிப் பக்கத்தில் தேயிலைத் தோட்டமும் இறப்பர்க் காணியும் காடும் ஓடையும் ஒன்றையொன்று தொட்டே கிடக்கின்றன. வாப்பாவின் கடைக்கு வரும் தோட்டத்து மாமாமார், “ஓடைப்பக்கம் புலிக்குட்டி நிக்குது” என்று சொல்வது வழமை. உயர்தரத்தில் உயிரியல் கற்கத் தொடங்கிய பின்னர், அது உண்மையிலேயே சிறுத்தைக் குட்டிதானா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. ஏனெனில் புள்ளிகள் கொண்ட இன்னொரு விலங்கும் நம் நாட்டு ஓடைக்கரைகளில் வாழ்கின்றது. அதுவே மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் அதனை ‘ஹந்துன் திவியா’ என்பர். ‘திவியா’ என்றால் சிறுத்தை. பெயரிலேயே குழப்பம்!

இரண்டும் கார்னிவோரா வருணத்தின் பெலிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் சாதி வேறு. சிறுத்தை, சிங்கத்துடன் பந்தெரா சாதியில் அடங்கும். மீன்பிடிப் பூனையின் சாதி பிரயோனைலூரஸ் ஆகும்.

பரம்பலும் வேறுபடுகின்றது. சிறுத்தை ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து வாழ்கின்றது. எனினும் நம் நாட்டுச் சிறுத்தை இலங்கைக்கு மட்டுமே உரிய துணையினமாகும். 1956இல் பி.ஈ.பி. தெரணியகல அதற்கு ‘கொட்டியா’ எனப் பெயரிட்டார். மீன்பிடிப் பூனையோ தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் நீர்நிலைகளை அண்டியே வாழ்கின்றது.

பார்த்து அறிவது கடினமன்று. சிறுத்தையின் உடலில் வளையம் போன்ற புள்ளிகளும் நீண்ட வாலும் உண்டு. மீன்பிடிப் பூனையின் புள்ளிகள் நிறைந்தவை, வால் குட்டை, நெற்றியில் கருங்கோடுகள் ஓடும். அது நன்றாக நீந்தி மீன் பிடிக்கும்.

இவ்வளவு வேறுபட்டாலும் ஆபத்தில் இரண்டும் ஒன்றே. 2012ஆம் ஆண்டின் இலங்கைச் சிவப்புப் பட்டியலில் இரண்டுமே ‘அழியும் ஆபத்திலுள்ளவை’ எனக் குறிக்கப்பட்டன. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிக்குச் சிறுத்தை எது, பூனை எது, பன்றி எது என்று தெரியாது. பாவா ஆதம் மலையின் மறுபக்கத்தில், நல்லதண்ணியில், 2020 மே மாதம் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இத்தகைய சுருக்கில் சிக்கியது. உயிருடன் மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது.

ஆகவே, குட்டி எதுவானாலும் கல்லெறியவோ தூக்கி வரவோ வேண்டாம். தாய் அருகிலேயே இருக்கக்கூடும். சுருக்கில் சிக்கிய விலங்கைக் கண்டால் கூட்டம் கூடாமல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள். நம் தோட்டங்களில் சுருக்கு வைக்க வேண்டாமெனச் சொல்லும் பொறுப்பு பெற்றோருக்கும் மாணவிகளாகிய நமக்கும் உண்டு.