வாங்கிய புரோகிராமுக்குக் காப்பு நகல் எடுக்கலாமா?

கடையில் ஒரு கணக்குப் புத்தகம் வாங்குகிறீர்கள். அது மழையில் நனைந்து கெட்டுவிடுமோ என்று அஞ்சி, முழுவதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வீர்களா? மாட்டீர்கள். புத்தகம் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. அதை எழுதி எடுப்பதும் எளிய வேலையன்று.

விலைக்கு வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமின் கதை வேறு. அது நொடியில் அழிந்துபோகலாம். சில நிமிடங்களில் அதற்கு அச்சு அசலான நகலும் எடுத்துவிடலாம். அப்படியானால், அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு காப்பு நகல் எடுத்து வைத்துக்கொள்வது குற்றமா? இந்த வினாவுக்குச் சட்டம் விடை தேடிய வரலாற்றில் இயற்பியலுக்கும் ஒரு பங்கு உண்டு. அதனைக் காண்போம்.

ஓட்டுவதற்கே ஒரு நகல்

புத்தகத்தைப் படிக்கும்போது அதன் இரண்டாம் பிரதி எதுவும் உண்டாவதில்லை. கம்ப்யூட்டரோ, வட்டில் உள்ள புரோகிராமை முதலில் தன் நினைவகத்திற்குள் படியெடுத்துக்கொள்கிறது. அங்கிருந்துதான் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் அந்தப் படி மறைந்துவிடும்.

படைப்பைப் படியெடுக்கும் உரிமை அதனைப் படைத்தவருக்கே உரியது என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. இதனை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால், காசு கொடுத்து வாங்கிய புரோகிராமை ஒருமுறை ஓட்டுவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் அல்லவா?

அமெரிக்காவில் இதனை ஆராய்ந்த தேசியக் குழு ஒன்று 1978-இல் அறிக்கை அளித்தது. அதனை ஒட்டி 1980-இல் அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு புதிதாக எழுதப்பட்டது. புரோகிராமின் பிரதிக்குச் சொந்தக்காரர் இரண்டு வகை நகல்களை எடுக்கலாம் என்றது அப்பிரிவு. ஒன்று, புரோகிராமை ஓட்டுவதற்கு இன்றியமையாத நகல். மற்றொன்று, பாதுகாத்து வைப்பதற்கான நகல். பிரதியை வைத்திருக்கும் உரிமை போய்விட்டால் காப்பு நகலை அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. மூலப் பிரதியை விற்றால் நகலையும் அதனுடன் சேர்த்துக் கொடுத்துவிடலாம். நகலை மட்டும் தனியே விற்க முடியாது.

பிளாப்பியும் சில்லும்

அக்காலத்தில் புரோகிராம்கள் பெரும்பாலும் பிளாப்பி வட்டுகளில் விற்கப்பட்டன. பிளாப்பி என்பது காந்தப் பொருள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு. பூச்சின் நுண்ணிய பகுதிகளில் காந்தத்தின் திசை மாறுவதைக் கொண்டே செய்தி பதிவாகிறது. படிக்கும் முனை பூச்சைத் தொட்டுக்கொண்டே செல்வதால் தேய்மானமும் உண்டு. வலிமையான காந்தம் ஒன்று அருகில் வந்தால் போதும், பதிவு குலைந்துவிடும்.

வீடியோ விளையாட்டுகளோ சில்லுகளில் விற்கப்பட்டன. படிக்க மட்டுமே இயலும் நினைவகச் சில்லில், 0, 1 ஆகியவை தயாரிக்கும்போதே நிலையாக அமைக்கப்பட்டுவிடுகின்றன. சுழலும் பாகம் இல்லை. காந்தத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு 1983-இல் ஒரு வழக்கின் தீர்ப்பையே முடிவு செய்தது. அட்டாரி நிறுவனத்தின் விளையாட்டுச் சில்லுகளை நகலெடுக்கும் கருவி ஒன்றை மற்றொரு நிறுவனம் விற்றது. அந்தக் கருவி காப்பு நகல் எடுக்கத்தான் என்று அது வாதாடியது. இல்லினாய் மாநிலத்தில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. இயந்திரக் கோளாறாலோ மின் கோளாறாலோ அழியக்கூடிய பிரதிகளுக்கே சட்டம் காப்பு நகல் அளிக்கிறது; சில்லுக்கு அந்த ஆபத்து இல்லை என்று அது கருதியது.

விரல் ரேகை வைத்த வட்டு

ஐந்து ஆண்டுகள் கழித்து இந்தக் கருத்து மாறியது. வால்ட் என்ற நிறுவனம் புரோலாக் எனும் தனிவகை வட்டுகளைத் தயாரித்தது. அவற்றின் காந்தப் பரப்பில், அழிக்கவோ மாற்றவோ முடியாத ஓர் அடையாளம் இடப்பட்டிருந்தது. அதற்கு விரல் ரேகை என்றே பெயர்! வட்டில் உள்ள புரோகிராமை யாரும் நகலெடுக்கலாம். ஆனால், ரேகையுள்ள மூல வட்டு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் நகல் ஓடாது. மூல வட்டு கெட்டுவிட்டால் காப்பு நகலால் என்ன பயன்?

குவைட் என்ற நிறுவனம் இதற்கு மாற்று கண்டது. விரல் ரேகை இருப்பதாகவே கம்ப்யூட்டரை நம்பச் செய்யும் ஒரு புரோகிராமை அது விற்றது. வால்ட் வழக்குத் தொடுத்தது. 1988-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் குவைட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காப்பு நகல் இன்ன வகை ஆபத்துக்கு மட்டும்தான் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. மின் கோளாறு, கைதவறி நேரும் சேதம் என எந்த அழிவையும் எதிர்பார்த்து நகல் எடுக்கலாம் என்றது. சில்லு தேயாவிட்டாலும் காலடியில் நசுங்கக்கூடும் அல்லவா?

எனினும், 1998-இல் வந்த வேறொரு சட்டம், இத்தகைய பூட்டுகளை உடைக்கும் கருவிகளை விற்பதற்கு அமெரிக்காவில் கடுமையான தடைகளை விதித்தது.

நம் நாட்டில்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. 1984-இல் செய்த திருத்தம் கம்ப்யூட்டர் புரோகிராமையும் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது. 1994-இல் செய்த திருத்தம் காப்பு நகலை 52-ஆம் பிரிவில் நேரடியாகவே அனுமதித்தது. இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பாக மட்டுமே அந்த நகல் இருக்க வேண்டும். புரோகிராம் எதற்காக வழங்கப்பட்டதோ அதற்கே பயன்பட வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்கச் சட்டம் பிரதியின் சொந்தக்காரருக்கு உரிமை தருகிறது. 'நாங்கள் விற்கவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தருகிறோம்' என்று நிறுவனம் எழுதிவிட்டால், வாங்கியவர் சொந்தக்காரர்தானா என்ற சண்டை அங்கே எழுகிறது. இந்தியச் சட்டமோ, பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர் என்கிறது. இச்சொல் இன்னும் விரிவானது. 1999-இல் மற்றொரு திருத்தமும் வந்தது. சட்டப்படி தாமே பெற்ற பிரதியிலிருந்து, வணிக நோக்கமற்ற சொந்தப் பயனுக்கு நகல் எடுப்பதையும் அது அனுமதித்தது.

2012-இல் நம் சட்டத்திலும் பூட்டுகளைக் காக்கும் பிரிவு சேர்ந்தது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதே அதன்படி குற்றம்.

நகலின் நோக்கம்

சட்டம் நகல்களை எண்ணுவதோடு நின்றுவிடவில்லை. அவை எதற்காக எடுக்கப்பட்டன என்றும் கேட்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இல் அளித்த தீர்ப்பு இதைத் தெளிவாக்குகிறது. மூல வட்டு கெட்டுப்போனாலும், அதன் காப்பு நகலை உரிமையாளரின் அனுமதியின்றி வேறொருவருக்கு விற்கக் கூடாது என்றது அத்தீர்ப்பு.

இனி நீங்களே தீர்ப்புக் கூறுங்கள். ராமு தான் வாங்கிய புரோகிராமை ஒரு பென் டிரைவில் எடுத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். அவன் தோழன் அந்த பென் டிரைவை இரவல் வாங்கித் தன் கம்ப்யூட்டரிலும் ஏற்றிக்கொள்கிறான். ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் உரிமம் வாங்கிய பள்ளி, ஆய்வகத்தின் 20 கம்ப்யூட்டர்களிலும் அதே புரோகிராமை ஏற்றுகிறது. மூன்றிலும் நிகழும் இயற்பியல் ஒன்றே. ஒரே பிட்டுகள்தான் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் படியாகின்றன. சட்டத்தின் பாதுகாப்பு முதலாவதற்கு மட்டுமே உண்டு. ஏன் என்பதை உங்கள் நண்பர்களுடன் விவாதித்துப் பாருங்கள்.