வாசல் கழுவ பிரஷர் வாஷர்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்குகள்

ஓசூரில் புதிதாக எழும் வீடுகளில் வாசல் என்பது கோலம் போடும் நான்கடி இடத்தோடு முடிந்துவிடுவதில்லை. கார் நிற்க போர்டிகோ, கேட் வரை பேவர் பிளாக், பின்பக்கம் துணி துவைக்கவும் மாலையில் உட்காரவும் ஒரு சிமென்ட் தளம் என 300, 400 சதுர அடி தரை வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. தென்மேற்குப் பருவமழையும் எட்டிப் பார்க்கும், வடகிழக்குப் பருவமழையும் வந்து போகும். நிழல் விழும் மூலைகளில் மாதக்கணக்கில் ஈரம் தங்கி, முதலில் பச்சையாகவும் பிறகு கறுப்பாகவும் பாசி படிந்துவிடுகிறது. அதில் கால் வைத்து வழுக்கினால் இளையவர்கள் சமாளித்து நின்றுவிடலாம். தாத்தா, பாட்டிக்கு அது இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம்.

இதற்குத் தீர்வாகப் பலரும் தேடுவது பிரஷர் வாஷர். டூவீலர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் பார்த்துப் பழகிய அதே கருவியின் சின்ன வடிவம், இன்று 5,000 ரூபாய் சுமாரிலிருந்தே ஆன்லைனில் கிடைக்கிறது. ஆனால் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் பணம் வீண். சரியாகப் பிடிக்காவிட்டால் தரையும் வீண், சில நேரம் கையும் வீண். வாங்கும் முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்கள்

இந்தக் கருவிக்குள் இருப்பது ஒரு மோட்டார், ஒரு பம்ப். குழாயில் சாதாரணமாக வரும் தண்ணீரை பம்ப் அழுத்தி, மிகச் சிறிய துளை வழியாக வெளியே தள்ளுகிறது. தண்ணீர் குறைவு, வேகம் அதிகம். 1950-ல் ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயர் அழுத்தக் கழுவும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான்.

அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் சொல்வார்கள். சில பெட்டிகளில் பி.எஸ்.ஐ. என்று இருக்கும். 1 பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ. எண் பெரிதாக இருந்தால் நல்ல மெஷின் என்று நினைத்துவிட வேண்டாம். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பார் அளவை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற அளவால் பெருக்கி, 600-ஆல் வகுத்தால் தண்ணீருக்குக் கிடைக்கும் சக்தி கிலோவாட்டில் வரும்.

100 பார், நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால், 600-ஐ 600-ஆல் வகுத்தால் 1 கிலோவாட். மோட்டாரிலும் பம்பிலும் கொஞ்சம் சக்தி வீணாகும் என்பதால், இதற்கு 1,500 வாட்ஸ் மோட்டார் பொருத்தமே. அதே 1,500 வாட்ஸ் மெஷினின் பெட்டியில் 200 பார், 10 லிட்டர் என்று இருந்தால்? கணக்கு 3.3 கிலோவாட்டைக் காட்டும். உள்ளே போகும் மின்சாரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வெளியே வர முடியாது. அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைக்காத 'அதிகபட்ச' எண்கள் என்று புரிந்துகொள்ளலாம். கடையில் கேட்க வேண்டியது, தொடர்ந்து ஓடும்போது இருக்கும் வேலை அழுத்தம் எவ்வளவு என்பதைத்தான். வீட்டு வாசலுக்கு 80 முதல் 110 பார், நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர் போதும்.

தொழிற்பேட்டை ஊர் என்பதால், தொழிற்சாலையில் ஓடிய பழைய பெரிய மெஷின் மலிவாகக் கிடைத்தால் ஆசை வரலாம். 200 பாருக்கு மேல் தள்ளும் அந்த வகை, இயந்திரங்களில் ஏறிய கிரீஸையும் பெயின்டையும் பெயர்க்க உருவானது. வீட்டு பேவர் பிளாக்கின் மேல்பூச்சையும் அது அதே வேகத்தில் பெயர்த்துவிடும். பல பெரிய மெஷின்களுக்கு மூன்று பேஸ் மின்சாரமும் வேண்டும்.

மோட்டாரும் தண்ணீரும்

விலை குறைந்த மெஷின்களில் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் இருக்கும். எடை குறைவு, சத்தம் அதிகம், நீண்ட நேரம் தொடர்ந்து ஓட்டினால் சூடேறும். இண்டக்‌ஷன் மோட்டார் கனமானது, விலையும் கூடுதல். ஆனால் சத்தம் குறைவு, உழைப்பும் அதிகம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வாசல் கழுவ முதல் வகை போதும். வாரந்தோறும் காரும் பைக்கும் கழுவுகிற வீட்டுக்கு இரண்டாவது வகை நல்லது.

நம் வீடுகளில் தண்ணீர் வருவது மொட்டைமாடி டேங்கிலிருந்து. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடி வீட்டு டேங்க் 7 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.7 பார். நீளமான, மெல்லிய ஹோஸில் அது இன்னும் குறையும். தண்ணீர் போதாமல் ஓடும் பம்ப் உள்ளுக்குள் காற்றை இழுத்து, சீக்கிரமே பழுதாகும். அதனால் வாளியிலிருந்தோ டிரம்மிலிருந்தோ தானே தண்ணீரை உறிஞ்சும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

போர்வெல் தண்ணீரில் மணல் வந்தால் பம்பின் சீல்களை அரித்துவிடும். உப்புத் தண்ணீர் என்றால் நாசில் துளையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நுழையும் இடத்தில் வடிகட்டி கட்டாயம். மாதம் ஒருமுறை அதைக் கழற்றி அலசிவிட்டால் மெஷினின் ஆயுள் கூடும்.

மின்சாரத்தோடு விளையாட வேண்டாம்

ஈரத் தரை, வெறுங்கால், கையில் மின்சாரத்தில் ஓடும் கருவி என மூன்றும் சேரும் வேலை இது. 1,500 வாட்ஸ் மெஷின் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில்தான் மாட்ட வேண்டும். அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் இணைப்பைத் துண்டிப்பது அதுதான்.

டி.வி.க்குப் போட்டிருக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாசலுக்கு இழுக்கவே கூடாது. தவிர்க்க முடியாவிட்டால், எர்த் உள்ள தடித்த ஒயரை முழுக்கப் பிரித்து, இணைப்பு தரையில் படாமல் உயரத்தில் வைக்க வேண்டும். காலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பிளக்கை ஈரக்கையால் தொடாதீர்கள்.

தரைக்குத் தரை மாறும்

நாசிலின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. பெரும்பாலான மெஷின்களில் சிவப்பு என்றால் 0 டிகிரி, தண்ணீர் ஊசிபோல் பாயும். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 டிகிரி. கறுப்பு, சோப்பு தெளிக்க. வீட்டுத் தரைக்குச் சிவப்பு தேவையே இல்லை. பச்சையில் தொடங்குங்கள். நாசிலைத் தரையிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்து, யார் கண்ணிலும் படாத மூலையில் முதலில் சோதியுங்கள்.

சிமென்ட் தளம்: நன்கு இறுகிய தளம் தாங்கும். புதிதாகப் போட்ட கான்கிரீட் முழு வலுப் பெற 28 நாட்கள் ஆகும் என்பது கட்டுமானக் கணக்கு. அதற்கு முன் பிரஷர் வாஷரைக் காட்டவே கூடாது. அதன் பிறகும் சில மாதங்கள் பொறுப்பது நல்லது.

பேவர் பிளாக்: கற்களைப் பிடித்து நிறுத்துவது இடுக்குகளில் உள்ள மணல்தான். நேராக இடுக்கில் அடித்தால் மணல் முழுக்க வெளியேறி, சில வாரங்களில் கற்கள் ஆடத் தொடங்கும். சாய்வாகப் பிடித்து அடியுங்கள். தரை காய்ந்த பிறகு உலர்ந்த மணலைத் தூவி, துடைப்பத்தால் இடுக்குகளில் நிரப்புங்கள்.

பார்க்கிங் டைல்ஸ்: டைல்ஸ் தாங்கும், நடுவில் உள்ள பூச்சு தாங்காது. வெள்ளை நாசில் போதும்.

கிரானைட்: கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அறிமுகம் தேவையில்லாத கல். கல்லுக்கு ஆபத்து குறைவு. இணைப்புகளில்தான் கவனம் வேண்டும்.

பழைய சுட்ட செங்கல் தட்டோடு, பெயின்ட் அடித்த சுவர், மரக்கதவு ஆகியவை இந்தக் கருவிக்கு ஏற்றவை அல்ல. தென்னை நார் பிரஷ்ஷே உத்தமம்.

பைக் நிற்கும் இடத்து ஆயில் கறை வெறும் தண்ணீருக்கு அசையாது. மரத்தூளைப் போட்டு உறிஞ்சவைத்து, கூட்டி அள்ளி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்த பிறகு கழுவுங்கள். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிடலாம். ஆனால் அதோடு ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ சேர்த்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வரும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. பிளீச்சிங் கரைசலை மெஷினுக்குள் ஊற்றவும் கூடாது.

தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள்

சுமார் 7 பார் அழுத்தத்திலேயே தண்ணீர் தோலைத் துளைக்கக்கூடும் என்பது பாதுகாப்பு விதிகள் சொல்லும் அளவு. வீட்டு மெஷின் தருவது அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். விரலில் பட்டால் வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற சின்னத் துளையாக இருக்கலாம். உள்ளே தண்ணீரும் அழுக்கும் ஆழமாகப் போயிருக்கும். வலி குறைவாக இருக்கிறதே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காரக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், 'பிரஷர் வாஷர் தண்ணீர் பாய்ந்த காயம்' என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். தாமதமானால் விரலையே இழக்க நேரலாம்.

விளையாட்டாகக்கூட கன்னை யார் பக்கமும் திருப்பாதீர்கள். குழந்தைகளும் நாயும் பூனையும் வீட்டுக்குள் இருக்கட்டும். தெறிக்கும் கல்லிலிருந்து கண்ணைக் காக்கக் கண்ணாடி அணியுங்கள். மெஷினை நிறுத்திய பிறகும் ஹோஸுக்குள் அழுத்தம் இருக்கும். டிரிகரை ஒருமுறை அழுத்தி அதை வெளியேற்றிய பிறகே நாசிலைக் கழற்ற வேண்டும்.

240 லிட்டரின் மதிப்பு

நிமிடத்துக்கு 6 லிட்டர் வீதம் 40 நிமிடம் ஓட்டினால் 240 லிட்டர். திறந்துவிட்ட ஹோஸைவிட இது குறைவுதான். ஆனால் ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புறத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். நான்கு பேருக்கான ஒரு நாள் தண்ணீருக்கும் மேல், ஒரு முறை வாசல் கழுவுவதில் போகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூருவில் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அந்நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. இந்தப் பக்கமும் நல்ல தண்ணீர் சும்மா வந்துவிடவில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் கொண்டுவரப்பட்டது. அந்தத் தண்ணீர் அடுப்படிக்கும் குடத்துக்கும் உரியது.

வாசலுக்கு மழைநீரே சிறந்தது. உப்பு இல்லாததால் மெஷினுக்கும் நல்லது. மொட்டைமாடி மழைநீரை டிரம்மில் பிடித்து, துணியால் வடிகட்டிப் பயன்படுத்தலாம். முதலில் துடைப்பத்தால் மண்ணை நன்றாகக் கூட்டி அள்ளிவிட்டால் கழுவும் நேரம் கணிசமாகக் குறையும். சோப்பையும் அளவாகப் போடுங்கள். தெருவில் ஓடும் நுரை கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும். தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணையருகே நுரை பொங்கும் காட்சியை ஓசூர்க்காரர்கள் அடிக்கடி பார்த்தவர்கள்தானே.

வாங்கத்தான் வேண்டுமா?

வெளித்தரை 100 சதுர அடிக்குள் என்றால் நார் பிரஷ்ஷும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். அதைவிடப் பெரிது என்றாலும், வருடத்துக்கு இரண்டு முறைதான் தேவை என்றால் ஒரே லே-அவுட்டில் உள்ள மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு நல்ல மெஷின் வாங்கலாம். தனித்தனியாக நான்கு மலிவு மெஷின் வாங்கி, நான்கும் பரணில் தூங்குவதைவிட அது மேல்.

எவ்வளவு கழுவினாலும் ஈரமும் நிழலும் அப்படியே இருந்தால் பாசி திரும்ப வரும். தரையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தைப் பூசி, ஒழுகும் குழாயைச் சரிசெய்து, மேலே கவிந்திருக்கும் கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் இந்த மூன்றையும் முடித்துவிட்டால், மெஷினை வெளியே எடுக்க வேண்டிய நாட்களே குறைந்துவிடும்.