கடுக்காயும் இறால் ஓடும்

கடுக்காயைக் கடித்தால் நாக்கு வறண்டு, உள்கன்னம் இழுத்துப் பிடிக்கும். அதிலுள்ள டானின், எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பற்றிக்கொண்டு வழவழப்பைப் பறித்துவிடுவதால் வரும் துவர்ப்பு அது. பச்சைத் தோலைப் பதனிட்ட தோலாக்குவதும் இதே பிடிமானம்தான்.

திண்டுக்கல், வாணியம்பாடிப் பக்கத் தோல் ஷாப்புகள் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பியே நடந்தன. எடுத்த எடுப்பில் கெட்டியான பட்டைச்சாற்றில் போட்டால் தோலின் மேற்புறம் மட்டும் இறுகிவிடும், உள்ளே சாறு இறங்காது. அதனால் நீர்த்துப்போன பழைய சாற்றில் தொடங்கி, படிப்படியாகக் கெட்டிச் சாற்றுக்கு மாற்றுவார்கள். தோலின் முக்கியப் புரதம் கொலாஜன். அது மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து சொன்னவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். டானின் அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து பல இடங்களில் ஒருசேரப் பிடித்துக்கொள்கிறது. பச்சைத் தோல் சுமார் 60, 65 டிகிரி வெந்நீரிலேயே சுருங்கிவிடும். பட்டையில் பதனிட்டது 75 டிகிரிக்கு மேலும் தாங்கும். குரோமியத்தில் பதனிட்டால் 100 டிகிரியையும் தாண்டும். அந்தக் கழிவு கலந்ததால் பாலாறு கொடுத்த விலை ஊரறிந்த கதை.

இதைப் போன்ற ஒரு சேர்க்கையை ஆய்வுக்கூடங்கள் இப்போது இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் செய்து பார்க்கின்றன. ரத்தக் கசிவை நிறுத்தும், கிருமிகளை ஓரளவு தடுக்கும் பொருள் அது. ஆனால் அமிலம் கலந்த நீரில்தான் கரையும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனும் குறைவு. கடுக்காய் டானினை உடைத்தால் கிடைக்கும் கேலிக் அமிலம் இந்தக் குறைகளைத் தீர்க்கக்கூடியது. வெறுமனே கலந்தால் போதாது, ஈரக் காயத்தில் வைத்ததும் கரைந்து வெளியேறிவிடும். வேதிப் பிணைப்பால் சேர்த்தாக வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த வழி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்த கைட்டோசானோடு கொஞ்சம் வைட்டமின் சி-யும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ப்பது. இரண்டும் வினைபுரிந்து உண்டாகும் ஃப்ரீ ரேடிக்கல்கள் கைட்டோசான் சங்கிலியில் இடம் திறந்துவிட, கேலிக் அமிலம் அங்கே போய்ச் சேர்ந்துகொள்கிறது. சூடாக்கக்கூடத் தேவையில்லை, அறை வெப்பமே போதும். இப்படிக் கிடைப்பதைக் காயக்கட்டாகவும், கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும் மீன் போன்ற உணவுகளைச் சுற்றும் படலமாகவும் சோதிக்கிறார்கள்.

‘இயற்கைப் பொருள்’ என்ற முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். இறால் ஓட்டைக் கைட்டோசானாக மாற்றவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொதிக்கும் காஸ்டிக் சோடாவும் தேவை. அந்தக் கழிவுநீரும் எங்காவது போய்ச் சேரத்தான் வேண்டும். ஓட்டின் புரதம் முழுதும் நீங்காவிட்டால் இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. கடுக்காயின் டானின் அளவும் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பாட்டிலில் வரும் சுத்தமான கேலிக் அமிலத்தை எடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது அளவு. கைட்டோசானின் கிருமித்தடைக்கு முக்கியக் காரணம் அதன் அமினோ குழுக்கள் ஏற்கும் நேர்மின்னூட்டம். கேலிக் அமிலம் போய்ப் பிணைவதும் பல முறைகளில் அதே குழுக்களில்தான். ஆகவே, கேலிக் அமிலத்தைக் கூட்டக் கூட்டக் கைட்டோசானின் சொந்தப் பலம் குறையவும் கூடும்.