இலத்தீன் துதிப்பாக்களில் லாரன்சு புனிதரின் கதை

உரோமைத் திருச்சபையின் தலைமைத் திருத்தொண்டராய் விளங்கிய லாரன்சு, கி.பி. 258ஆம் ஆண்டு கொலையுண்டார். சபையின் செல்வத்தைத் தருமாறு ஆட்சியாளன் பணிப்ப, அவர் ஏழை மக்களைத் திரட்டி நிறுத்தி, இவர்களே அச்செல்வம் என்றார் என்பதும், இரும்புக் கம்பிக் கட்டிலில் தீயால் வாட்டப்பட்ட போதும் நகைமொழி பகர்ந்தார் என்பதும் அவரைப் பற்றி வழங்கும் கதையாகும். இதனைப் பாடும் துதிப்பாக்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

அக்காலத்தே வாழ்ந்த கார்த்தேசு ஆயர் சிப்பிரியானின் மடல் ஒன்று, ஆயரும் குருமாரும் திருத்தொண்டரும் உடனே கொல்லப்படுக என வலேரியன் ஆணையிட்டதைத் தெரிவிக்கின்றது. உடனே கொல்லும் ஆணையோடு நெடிய உசாவலும் தவணையும் பொருந்துமாறில்லை. ஆகவே அறிஞர் பலர் தீக்கட்டிற் செய்தியை ஐயுறுவர்.

எனின், கதையில் வரும் 'மூன்று நாள்' எங்கிருந்து வந்தது? 354ஆம் ஆண்டின் உரோமை விழாப்பட்டியல், பாப்பரசர் சிக்ஸ்துவுக்கு ஆகஸ்டு 6ஆம் நாளையும் லாரன்சுக்கு 10ஆம் நாளையும் குறிக்கின்றது. இடைப்பட்டவை மூன்று நாள்களே. அம்புரோசு பாடியதாகக் கொள்ளப்படும் துதிப்பாவில், மூன்று நாளில் நீ என்னைப் பின்தொடர்வாய் எனச் சிக்ஸ்து லாரன்சுக்கு முன்னுரைக்கின்றார். விழாநாள்களின் இடைவெளியே கதையில் முன்னறிவிப்பாக மலர்ந்தது எனக் கருதுதல் பொருந்தும்.

அப்பா 32 அடிகளால் ஆயது. அதே யாப்பில் புருடென்சியசு பாடியதோ 584 அடிகள் கொண்டது. முன்னது கோயிலில் மக்கள் கூடிப் பாடுதற்கு உரியது. ஆதலின் கதையை விரியாது குறிப்பாற் சுட்டிச் செல்கின்றது. கேட்போர் முன்னரே அறிந்திருந்தாலன்றிக் குறிப்பு விளங்காது. எனவே, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இக்கதை மக்களிடையே வேரூன்றியிருந்தது என்பதற்கு அச்சுருக்கமே சான்றாகின்றது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில், பாரிசு நகர்த் தூய விக்தர் மடத்து ஆதாமின் பெயரால் வழங்கும் பாடலில் மற்றொரு வளர்ச்சியைக் காண்கின்றோம். இழுத்துக் கட்டிய யாழ்நரம்பு இனிது ஒலிப்பது போல, வதையில் நீட்டப்பட்ட உடலும் இறைபுகழ் இசைத்தது என்பது அப்பாடலின் கருத்து. கதை ஈண்டு உவமைக்கு நிலைக்களமாகிவிட்டது.

ஆகவே, லாரன்சு எவ்வாறு இறந்தார் என்பதற்கு இப்பாக்கள் சான்றாகா. அவரை மக்கள் எவ்வாறு நினைந்து போற்றினர் என்பதற்கே சான்றாவன. ஏழைகளே செல்வம் என்னும் மொழி லாரன்சின் வாயில் பிறந்ததோ அன்றோ, அதனைத் தம் சபையின் மொழியாக மக்கள் ஏற்றுப் போற்றினர் என்பதில் ஐயமில்லை. இவ்வேறுபாட்டை மறவாது ஆராய்வார்க்குத் துதிப்பாக்கள் பெரும்பயன் நல்கும் என்பது எம் துணிபு.