கைராசியை எண்ணிப் பார்க்க முடியுமா?

குற்றாலத்தில் சாரல் நின்று, சீசன் கடைகளை எடுத்துக் கட்டி வைத்ததும், தென்காசி வட்டாரத்து வீடுகளில் தள்ளிப்போட்டு வைத்திருந்த ஆபரேஷன்கள் ஒவ்வொன்றாகப் பேச்சுக்கு வரும். வாப்பாவின் கண்புரை, உம்மாவின் பித்தப்பைக் கல், மாமாவின் குடலிறக்கம், பெரியம்மாவின் முழங்கால் மூட்டு. வளைகுடாவில் இருக்கும் மகன் எந்த மாதம் லீவில் வருவான் என்று பார்த்து நாள் குறிப்பார்கள். தென்காசியிலேயே செய்வதா, திருநெல்வேலிக்குப் போவதா, மதுரையா, மலை தாண்டித் திருவனந்தபுரமா என்று குடும்பமே கூடிப் பேசும்.

அந்தப் பேச்சில் கடைசியாக முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே சொல்தான்: "அவர் கைராசிக்காரர்."

அந்தச் சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே ஆபரேஷனை இரண்டு மருத்துவர்கள் செய்தால் முடிவு ஒன்றுபோல இருக்காது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு நல்லபடியாக முடிந்தது என்பது ஒரே ஒரு ஆளின் கணக்கு. நூறு பேருக்குச் செய்ததில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்பதே கைராசியின் உண்மையான கணக்கு. அதை எண்ண முடியும். நமக்குப் பக்கத்திலேயே எண்ணியும் இருக்கிறார்கள்.

மதுரையில் எண்ணியது

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நம் பகுதியில் அறியாதவர் குறைவு. 1988இல் திருநெல்வேலியிலும் அதன் கிளை வந்தது. அங்கே நடக்கும் கண்புரை ஆபரேஷன்களில் சிக்கல் ஏற்பட்டால் அது பதிவாகிறது. யார் செய்த ஆபரேஷன் என்பதோடு சேர்த்தே பதிவாகிறது.

அந்தப் பதிவுகளை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. 79,777 கண்புரை ஆபரேஷன்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே சிக்கல் ஏற்பட்டது, நிரந்தர மருத்துவர்கள் செய்தவற்றில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 8 பேருக்கு. மேற்பயிற்சியில் இருந்தவர்கள் செய்தவற்றில் 12. பட்டமேற்படிப்பு மாணவர்கள் செய்தவற்றில் 21. வெளியிலிருந்து வந்து பழகியவர்கள் செய்தவற்றில் 50. கட்டடமும் கருவியும் ஒன்றுதான். கை மட்டும் வேறு. இது பார்வை போனவர்களின் கணக்கு அல்ல. இத்தகைய சிக்கல்களில் பலவற்றை உடனே கவனித்தால் சரிசெய்துவிடலாம். ஆனாலும் அனுபவம் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

எண்ணுவதால் இன்னொரு பயனும் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் கிருமி தொற்றுவது அரிது. வந்தால் பார்வையே போகலாம். அரவிந்த் மருத்துவமனைகளில் ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள்ளேயே கிருமிக்கொல்லி மருந்து செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, பத்தாயிரத்துக்கு 7 பேருக்கு வந்த தொற்று 2 பேராகக் குறைந்தது. எண்ணாத இடத்தில் இந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

எண்ணிக்கை எப்போது ஏமாற்றும்?

"எனக்கு ஒரு கேஸ்கூடக் கெட்டதில்லை" என்று ஒருவர் சொன்னால் உடனே நிம்மதி அடைந்துவிட வேண்டாம். எத்தனை செய்தார் என்று பாருங்கள். இதற்குக் கணக்கியலில் எளிய வழி ஒன்று இருக்கிறது: மூன்றை, செய்த எண்ணிக்கையால் வகுங்கள். 30 பேருக்குச் செய்து ஒருவருக்கும் சிக்கல் இல்லை என்றாலும், உண்மையான சிக்கல் விகிதம் நூற்றுக்கு 10 வரை இருக்க இடமுண்டு. 300 பேருக்குச் செய்து சிக்கல் இல்லை என்றால்தான் அது நூற்றுக்கு 1க்குள் இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். பித்தப்பையைத் துளை வழியாக எடுக்கும் ஆபரேஷனில் பித்தநாளம் காயப்படுவது ஆயிரத்துக்கு 3 முதல் 5 பேருக்குத்தான். ஐம்பது பேருக்குச் செய்த அனுபவத்தை வைத்து அதைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, யாருக்குச் செய்தார் என்பது. சர்க்கரையும் இதயநோயும் உள்ள எழுபது வயதுக்காரருக்குத் துணிந்து ஆபரேஷன் செய்பவரின் கணக்கு, ஆரோக்கியமான நாற்பது வயதுக்காரர்களுக்கு மட்டும் செய்பவரின் கணக்கைவிட மோசமாகத் தெரியும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதய பைபாஸ் ஆபரேஷன் செய்யும் மருத்துவர்களின் இறப்பு விகிதம் 1990களின் தொடக்கத்திலிருந்து பெயரோடு வெளியாகிறது. நோயாளியின் வயதையும் நோயின் கடுமையையும் கழித்துத்தான் அங்கே கணக்கிடுகிறார்கள். அப்படியும், பெயர் கெடுமோ என்று கடுமையான நோயாளிகளை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள் என்ற கவலை அங்கே தீரவில்லை.

மூன்றாவது, எதைச் சிக்கல் என்று எண்ணினார்கள் என்பது. 2015இல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் மூட்டு மாற்று, பித்தப்பை உள்ளிட்ட 8 வகை ஆபரேஷன்களில் சுமார் 17,000 மருத்துவர்களை ஒப்பிட்டுப் பட்டியல் வெளியிட்டது. மருத்துவமனையில் இறந்தவர்களையும், 30 நாட்களுக்குள் சிக்கலோடு திரும்பி வந்து சேர்ந்தவர்களையும் எண்ணியது. வீட்டிலேயே வலியோடு கிடந்தவர் அந்தக் கணக்கில் வரவில்லை. மருத்துவ உலகில் பலர் அதைக் குறை சொன்னார்கள். நோயாளிகளின் பக்கம் நின்றவர்கள் வரவேற்றார்கள்.

நம் மாநிலத்தில் அப்படி மருத்துவர்வாரியான பட்டியல் பொதுமக்கள் கையில் இல்லை. ஆகவே நாமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. இந்த ஆபரேஷன் இப்போதே அவசியமா? மருந்திலோ காத்திருப்பதிலோ சரியாகாதா?
2. இதே ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?
3. அவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது? என்ன சிக்கல்?
4. என் வயதுக்கும் என் சர்க்கரைக்கும் அந்த வாய்ப்பு கூடுமா?
5. ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா, வேறொருவர் செய்வாரா? மயக்க மருந்து கொடுப்பவர் கடைசிவரை இருப்பாரா?
6. இரவு இரண்டு மணிக்கு இரத்தக்கசிவோ காய்ச்சலோ வந்தால் இங்கே யார் பார்ப்பார்கள்? வேறு எங்கே அனுப்புவீர்கள்?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எண்ணி வைத்திருக்கும் மருத்துவர் "நூற்றுக்கு இரண்டு பேருக்கு இப்படி ஆனது, இப்படிச் சரிசெய்தோம்" என்று நிதானமாகச் சொல்வார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று மட்டும் பதில் வந்தால், இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. ஆபரேஷனின் தன்மை, அதற்கு மாற்று வழி, அதில் உள்ள ஆபத்து ஆகியவற்றைச் சொல்லிய பிறகே சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்க மட்டும் சம்மதித்த பெண்ணின் கர்ப்பப்பையை எடுத்துவிட்ட வழக்கு அது. கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் நம் பெண்கள் மேலே உள்ள முதல் கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002இலிருந்து மருத்துவர்களுக்கான விதி. டிஸ்சார்ஜ் தாளோடு ஆபரேஷன் குறிப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களும் இதையெல்லாம் கேட்கலாம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் எதற்குப் போவது என்று தேர்ந்தெடுப்பது நோயாளிதான். இலவசம் என்பதற்காகக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். 2008இல் விழுப்புரம் மாவட்டம் கடுவனூரில் நடந்த இலவச கண் முகாமின் வழியாக ஆபரேஷன் செய்துகொண்ட 66 பேர் பார்வை இழந்ததை நாம் மறக்கக் கூடாது.

நம் பங்கும் உண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு நாள் குறிப்பது, பீடி சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே விடுவது, இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி மறைக்காமல் சொல்வது: இந்த மூன்றும் சிக்கலைக் குறைக்கும்.

ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் காத்திருக்கக்கூடிய ஆபரேஷனுக்குத்தான். குடலிறக்கம் உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தாலோ, பித்தப்பைக் கல் உள்ளவருக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளானாலோ கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

சிக்கல் வந்துவிட்டால் ஒரு குடும்பம் இரண்டாவது ஆபரேஷன், பல மாதக் கூலி இழப்பு, கடன் என்று சரிந்துவிடும். பிறகு நிதி திரட்டி உதவுவதைவிட, முன்பே பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பது மேல். மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் முதியவரோ, தனியாக இருக்கும் பெண்ணோ உங்கள் தெருவில் இருந்தால், இந்த ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவருடன் துணைக்குப் போங்கள். அதுவும் ஓர் உதவிதான்.