ஆற்றில் எவ்வளவு தண்ணீர்? வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்!

"மேட்டூர்ல ஒரு லட்சம் கன அடி திறந்துட்டாங்களாம். நம்ம வீட்டுப் பக்கம் தண்ணி வருமாடா?" மழைக்காலத்தில் அம்மா போனில் கேட்கும் கேள்வி இது. எங்கள் வீடு திருச்சி எடமலைப்பட்டி புதூரில் உள்ளது. 2005 நவம்பர் வெள்ளத்தை அம்மா இன்னும் மறக்கவில்லை.

இதற்கான பதிலை இன்டர்நெட் இணைப்புள்ள எவரும் தேடலாம். ஆனால் திரையில் வரும் எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது?

மத்திய நீர் ஆணையம் நாடு முழுவதும் ஆறுகளை அளக்கிறது. காவிரியில் திருச்சிக்கு மேலே முசிறியில் அதன் அளவீட்டு நிலையம் உள்ளது. கூகுளில் 'சென்ட்ரல் வாட்டர் கமிஷன் ஃப்ளட் ஃபோர்காஸ்ட்' என்று தேடி, அதன் தளத்தைத் திறந்து, மேப்பில் உள்ள புள்ளிகளைக் கிளிக் செய்து பாருங்கள். செல்போன் என்றால், 2023-ல் வெளியான 'ஃப்ளட்வாட்ச் இந்தியா' ஆப் இருக்கிறது.

மட்டம் வேறு, ஓட்டம் வேறு

நீர்மட்டம் மீட்டரில் இருக்கும். ஆற்றின் மட்டம் 80 மீட்டர் என்று பார்த்ததும் பயந்துவிடாதீர்கள்! அது ஆற்றின் ஆழம் அல்ல, கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரம். அந்த இடத்துக்கான எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால்தான் அதற்கு அர்த்தம் கிடைக்கும்.

மட்டத்தை அளவுகோலைப் பார்த்துக் குறிக்கலாம். பாலத்தில் பொருத்திய ரேடார் சென்சார் தானாகவும் அளக்கும். அந்தத் தகவல் சாட்டிலைட் வழியாக கம்ப்யூட்டருக்கு வருகிறது.

ஓட்டம் என்பது ஒரு வினாடியில் கடக்கும் நீரின் அளவு. ஆற்றின் அகலம் 100 மீட்டர், சராசரி ஆழம் 2 மீட்டர், வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்றால், பெருக்கினால் 200 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சுமார் 35.3 கன அடி. ஆக, ஏறத்தாழ 7,060 கன அடி.

இப்படிப் பலமுறை அளந்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று ஒரு வளைகோடு தயாரிப்பார்கள். அதன் பிறகு மட்டத்தை வைத்தே ஓட்டத்தைக் கணக்கிடலாம். மணல் அரித்து ஆற்றின் படுகை மாறினால், வளைகோட்டையும் மாற்ற வேண்டும்.

இன்னொரு கணக்கு: 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

நீங்களே வரைபடம் போடலாம்

எக்ஸெல்லில் முதல் காலத்தில் நேரத்தையும், அடுத்ததில் மட்டத்தையும் மணிக்கு ஒருமுறை டைப் செய்யுங்கள். இரண்டையும் செலக்ட் செய்து, இன்செர்ட் மெனுவில் லைன் சார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு எண்ணைவிட, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

அம்மாவுக்கு என்ன பதில்?

மேட்டூரில் திறந்த நீர் முக்கொம்பு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அங்கே காவிரி, கொள்ளிடம் என்று பிரிந்துவிடும். ஆனால் எங்கள் பகுதிக்கு அருகில் ஓடுவது கோரையாறு. அது தெற்கேயிருந்து வந்து, குடமுருட்டி வழியாகக் காவிரியில் சேர்கிறது. மேட்டூர் எண்ணில் கோரையாற்றின் நீர் இல்லை. மேட்டூரில் ஒரு சொட்டு திறக்காவிட்டாலும், தெற்கே கனமழை பெய்தால் கோரையாறு பெருகும். காவிரியும் நிறைந்து ஓடினால், அந்த நீர் வடிவது இன்னும் தாமதமாகும்.

அதனால் அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "மேட்டூரை மட்டும் பார்க்காதம்மா. மணப்பாறைப் பக்கம் மழையான்னும் கேளு."

நீங்களும் எந்த ஆறு, எந்த இடம், எந்த நேரத்து அளவு, என்ன அலகு என்று நான்கையும் பார்த்துவிட்டே எண்ணை நம்புங்கள். வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி அதிகாரிகள் அறிவித்தால், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கணக்குப் போடாமல் உடனே கிளம்புங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.